வேலைக்கு அனுப்பினோம், பொறுப்புக்கு அனுப்பினோமா?

(அறக்கட்டளையின் சார்பில் கொடைக்கானலில் நடைபெற்ற, பணிக்குச் செல்லும் பெண்களுக்கான ஒருநாள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 



இந்தக் கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். ஆசிரியைகள் இருக்கிறீர்கள். செவிலியர்கள் இருக்கிறீர்கள். வங்கியில், தாலுகா அலுவலகத்தில், ஓட்டல் அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள். அட்டுவம்பட்டியில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அங்கேயோ வேறு கல்லூரியிலோ பாடம் நடத்துபவர்கள் இருக்கிறீர்கள். பண்ணைக்காட்டிலிருந்தும் பெருமாள்மலையிலிருந்தும் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்களும் உண்டு. அல்ஹம்துலில்லாஹ்.

நாற்பது வருடத்துக்கு முன் இப்படி ஒரு கூட்டம் கூட்டியிருந்தால் இத்தனை நாற்காலி தேவைப்பட்டிருக்காது. இந்த மலையில் பெண்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வந்ததே 1984ஆம் ஆண்டில்தான். "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குப் படிப்பு?" என்ற கேள்வியை நம் குடும்பங்கள் பெரும்பாலும் தாண்டிவிட்டன. "வேலைக்கு அனுப்பலாமா?" என்ற கேள்வியையும் பாதிக்கு மேல் தாண்டிவிட்டோம். இன்று நான் பேச வந்தது மூன்றாவது கேள்வியைப் பற்றி. நம் பெண்களை வேலைக்கு அனுப்பினோம். பொறுப்புக்கு அனுப்பினோமா?

ஒரு கடிதம்

நான் பள்ளிக்கல்வித் துறையில் பணியாற்றியவள். அந்தத் துறையில் 'உரிமை விடல்' என்று ஒரு கடிதம் உண்டு. ஆசிரியைகளுக்குத் தெரியும். பதவி உயர்வுக்கான பட்டியலில் நம் பெயர் வருகிறது. கலந்தாய்வுக்குக் கூப்பிடுகிறார்கள். காலியிடம் வேறு ஒன்றியத்தில் இருக்கிறது, இல்லையென்றால் வேறு மாவட்டத்தில் இருக்கிறது. அப்போது, "இந்தப் பதவி உயர்வு எனக்கு இப்போது வேண்டாம், என் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிடலாம். பெயர் அடுத்தவருக்குப் போய்விடும். வங்கியிலும் மருத்துவமனையிலும் பெயர் வேறாக இருக்கும், சங்கதி ஒன்றுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு கணித ஆசிரியை இரண்டு முறை இந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்தார். முதல் முறை அவருடைய மகனுக்கு மூன்று வயது. மலையை விட்டு இறங்கிப் போய்க் குடியிருக்க முடியாது, தினமும் மலைப்பாதையில் ஏறி இறங்கவும் முடியாது. அது நியாயமான காரணம், யாரும் குறை சொல்ல முடியாது. இரண்டாம் முறை கடிதம் எழுதியபோது அந்த மகன் கல்லூரி விடுதியில் இருந்தான். காரணம் போய்விட்டது, கடிதம் மட்டும் பழக்கமாகிவிட்டது. வீட்டில் யாரும் வேண்டாம் என்று தடுக்கவில்லை. போ என்றும் யாரும் சொல்லவில்லை. அவரிடம் பயிற்சி பெற்ற ஆசிரியைகள் தலைமை ஆசிரியைகளாகி ஓய்வு பெற்றார்கள். அவர் ஆசிரியையாகவே ஓய்வு பெற்றார்.

இதில் அவருக்குச் சம்பளத்தில் கொஞ்சம் நட்டம், அவ்வளவுதானே என்று நினைக்கலாம். நட்டம் அவருக்கு மட்டும் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை பத்து நாள் பள்ளிக்கு வரவில்லை என்றால், வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிப்பதா, பெயரை அடித்துவிடுவதா என்று முடிவு செய்பவர் தலைமை ஆசிரியர். சிறுபான்மையினர் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தைக் கடைசித் தேதிக்கு முன் சரிபார்த்து அனுப்புவதும் அந்த நாற்காலிதான். கழிவறைக்குத் தண்ணீர் வருகிறதா என்று கேட்பதும் அந்த நாற்காலிதான். அது வராததால் பள்ளியை விட்டு நிற்கும் பெண் பிள்ளைகள் உண்டு என்பது இங்குள்ள தாய்மார்களுக்குத் தெரியும். அந்த நாற்காலியில் யார் இருக்கிறார் என்பது ஒரு குடும்பத்தின் விஷயமாக நின்றுவிடாது, அது சமுதாயத்தின் விஷயம்.

பதவிக்கு முன்னால் செல்வாக்கு

தலைமை என்றவுடன் பதவியை நினைக்கிறோம். பதவி வருவதற்கு முன்பே வர வேண்டியது சொல்லுக்கு மதிப்பு. ஒருவர் சொன்னால் நான்கு பேர் கேட்கிறார்கள் என்ற நிலை. அதற்கு நம் மார்க்க வரலாற்றில் ஒரு சம்பவம் இருக்கிறது. நீங்கள் பயான்களில் கேட்டிருப்பீர்கள். இன்று வேலைக்குப் போகும் பெண்ணின் கண்ணால் அதைப் பார்ப்போம்.

ஹிஜ்ரி ஆறாம் ஆண்டு. உம்ராவுக்காகப் புறப்பட்ட நபி (ஸல்) அவர்களும் ஏறத்தாழ 1,400 தோழர்களும் ஹுதைபிய்யாவில் தடுக்கப்பட்டார்கள். உடன்படிக்கை கையெழுத்தானது. அந்த ஆண்டு உம்ரா செய்யாமலே திரும்ப வேண்டும். தோழர்களுக்கு அது தாங்க முடியாத வேதனை. இங்கேயே குர்பானி கொடுத்துத் தலைமுடியைக் களையுங்கள் என்று நபியவர்கள் மூன்று முறை சொன்னார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வருத்தத்தோடு கூடாரத்துக்குள் வந்து மனைவி உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் நடந்ததைச் சொன்னார்கள்.

உம்மு ஸலமா (ரலி) என்ன சொன்னார்கள்? கூட்டத்தைக் குறை சொல்லவில்லை. முதலில், அது நடக்க வேண்டும் என்று நீங்கள் விரும்புகிறீர்களா என்று கேட்டுத் தெளிவு செய்துகொண்டார்கள். பிறகு, வெளியே போங்கள், யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டாம், உங்கள் ஒட்டகத்தை அறுங்கள், நாவிதரை அழைத்து முடி களையுங்கள் என்ற கருத்தில் ஆலோசனை சொன்னார்கள். நபியவர்கள் அப்படியே செய்தார்கள். அதைக் கண்ட தோழர்கள் எழுந்து ஓடி அதே காரியத்தைச் செய்தார்கள்.

அந்த ஆலோசனையில் நாம் படிக்க வேண்டியது நிறைய. கூட்டத்தின் மனநிலை என்ன என்று உம்மு ஸலமா (ரலி) புரிந்துகொண்டார்கள். அது கீழ்ப்படியாமை இல்லை, துக்கம் என்று கண்டார்கள். துக்கத்தில் இருப்பவர்களுக்கு நான்காவது கட்டளை உதவாது, கண் முன்னால் ஒரு செயல் நடக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். உடனே செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தைச் சொன்னார்கள். அதைச் செய்யக்கூடியவரிடமே சொன்னார்கள். நபியவர்களும் ஒரு பெண்ணின் யோசனைதானே என்று ஒதுக்கவில்லை. பெண் ஆலோசனை சொல்வது மார்க்கத்துக்குப் புதிது என்று யாராவது சொன்னால், ஹுதைபிய்யாவை நினைவுபடுத்துங்கள்.

நாளைக்கே உங்கள் அலுவலகத்தில் இது பயன்படும். வார்டில் செவிலியர்கள் எல்லோரும் புதிய பணிப்பட்டியல் மீது கோபமாக இருக்கிறார்கள். மேலதிகாரியிடம் போய், "எல்லோரும் கோபமா இருக்காங்க சார்" என்று மட்டும் சொன்னால் அது புகார். "இரவுப் பணி முடிந்த மறுநாளே பகல் பணி வருவதுதான் சிக்கல். இந்த மாதம் இரண்டு பேரின் முறையை மாற்றினால் சரியாகிவிடும், பட்டியல் எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன்" என்று சொன்னால் அது ஆலோசனை. புகார் சொல்பவரை அனுப்பிவைப்பார்கள். ஆலோசனை சொல்பவரை அடுத்த முறை கூப்பிடுவார்கள்.

ஒரு ராவுத்தர் வீட்டுப் பெண்

பழனி, திண்டுக்கல், கம்பம் பகுதிகளில் ராவுத்தர் குடும்பங்கள் நிறைய. அதே சமூகத்தில், மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பத்தனம்திட்டாவில் 1927இல் பிறந்தவர் நீதியரசர் ஃபாத்திமா பீவி. தந்தை மீரா சாஹிப். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி என்று பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்திருப்போம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் வருடங்களை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அவர் முதலில் வேதியியல் படித்தவர். சட்டம் படி என்று சொன்னது தந்தை. கேரளத்தில் அன்னா சாண்டி என்ற பெண் நீதித்துறையில் உயர்ந்துகொண்டிருந்ததைப் பார்த்து, என் மகளும் அப்படி வரட்டும் என்று நினைத்த அத்தா அவர். மகள் 1950இல் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். 1958இல் முன்சீப் ஆனார். 1968இல் சார்பு நீதிபதி. 1972இல் தலைமைக் குற்றவியல் நடுவர். 1974இல் மாவட்ட நீதிபதி. 1980இல் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் உறுப்பினர். 1983இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. 1989 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். ஐந்து மாதம் கழித்து, அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தில் பதவியேற்றார்.

வழக்கறிஞராகப் பதிவு செய்த நாளிலிருந்து 39 வருடம். இந்தப் பட்டியலில் எந்தப் படியும் தாண்டப்படவில்லை, எந்தப் படியிலும் அவர் நின்றுவிடவும் இல்லை. முன்சீப்பாக இருந்தது போதும், கௌரவமான வேலை, வீட்டுப் பக்கம் நிம்மதியாக இருக்கலாம் என்று 1968இல் ஓர் உரிமை விடல் கடிதம் எழுதியிருந்தால், 1989 வந்திருக்காது. உயர்ந்த பதவி யாருக்கும் நேராக வருவதில்லை. அதற்கு முந்தைய சின்னப் பதவியின் வழியாகத்தான் வருகிறது. நாம் வேண்டாம் என்று விடுவது பெரும்பாலும் அந்தச் சின்னப் பதவியைத்தான்.

இன்னொரு செய்தி, இந்த மலைக்கு நெருக்கமானது. ஃபாத்திமா பீவி அவர்கள் 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டின் ஆளுநராக இருந்தார். ஆளுநர் என்ற முறையில் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு வேந்தரும் அவர்தான். அந்த ஆண்டுகளில் இங்கே அட்டுவம்பட்டியில் படித்துப் பட்டம் வாங்கிய பெண்களின் பல்கலைக்கழகத்துக்கு வேந்தராக இருந்தவர் ஒரு ராவுத்தர் வீட்டுப் பெண். நம் பிள்ளைகளிடம் இதைச் சொல்லியிருக்கிறோமா? அவர் 2023 நவம்பரில் வஃபாத்தானார். மறு ஆண்டு பத்மபூஷண் அறிவித்தார்கள். அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்து நல்லிடம் தருவானாக.

தமிழ்நாட்டிலும் உதாரணம் இருக்கிறது. வழக்கறிஞர் பதர் சயீத் நம் மாநில வக்பு வாரியத்தின் தலைவராக இருந்தவர். பிறகு 2006இல் திருவல்லிக்கேணியின் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். பள்ளிவாசல் சொத்தும் தர்கா சொத்தும் பற்றி முடிவெடுக்கும் மேசையில் ஒரு பெண் தலைமை வகித்திருக்கிறார். வானம் இடிந்து விழவில்லை.

இந்த மலை கற்றுக்கொடுப்பது

செல்வாக்கு எப்படி உண்டாகிறது என்பதற்கு வெளியூர் போக வேண்டாம். இந்த மலையிலேயே இரண்டு பாடம் உண்டு.

ஒன்று, பூண்டு. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளையும் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த முயற்சியில் முன்னின்றது நம் மகளிர் பல்கலைக்கழகம். பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் ஆராய்ச்சி செய்தோம், கட்டுரை எழுதினோம் என்று இருந்திருக்கலாம். பூண்டின் தன்மை என்ன, வேறு ஊர்ப் பூண்டிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று காட்டுவதற்குப் படித்தவர்கள் வேண்டும். எத்தனை தலைமுறையாக விளைகிறது, எப்படிப் பரணில் கட்டிப் புகையில் காயவைக்கிறோம் என்று சொல்வதற்கு விவசாயி வேண்டும். விண்ணப்பத்தை நடத்திக்கொண்டு போக அரசுத் துறை வேண்டும். இவர்களை ஒரே காரியத்தில் சேர்ப்பதுதான் தலைமை. தனக்குத் தெரிந்ததை வைத்து, தெரியாதவற்றுக்கு மற்றவர்களைக் கூட்டி, ஊருக்கு ஒரு பயனைக் கொண்டுவருவது.

இரண்டாவது, பாதரசம். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை விவகாரம் இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும். உடைந்த, பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் கிடந்தது தெரிந்து 2001இல் ஆலை மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த தொழிலாளர்கள் தங்கள் உடல்நலக் கேட்டுக்காக வருடக்கணக்கில் போராடினார்கள். 2015இல் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் என்ற முஸ்லிம் பெண் அதைப் பற்றி ராப் பாட்டுப் பாடி ஒரு காணொளி வெளியிட்டார். சில நாட்களில் இலட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. பாட்டு என்ற வடிவம் உங்களில் சிலருக்கு ஏற்புடையதாக இருக்காது. அதைப் பற்றி நான் இங்கே வாதம் செய்யவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பாட்டு மட்டும் அந்த உடன்பாட்டைக் கொண்டுவரவில்லை. பதினைந்து வருடம் ஆதாரம் சேர்த்தவர்கள் இருந்தார்கள், நீதிமன்றப் படி ஏறியவர்கள் இருந்தார்கள், அதன் மேல் வெளி உலகத்துக்குக் கேட்கும்படி சொன்ன ஒரு குரலும் சேர்ந்தது. ஆதாரம் இல்லாத குரல் நிற்காது. குரல் இல்லாத ஆதாரம் அலமாரியில் கிடக்கும்.

பழக வேண்டிய சில

இனி, திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் செய்யத்தக்க சில காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, கூட்டத்தில் வாய் திறப்பது. அலுவலகக் கூட்டத்தில் நம் பெண்கள் பெரும்பாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லாம் முடிந்து வெளியே வந்த பிறகு தேநீர் குடிக்கும் இடத்தில் நல்ல யோசனை சொல்வார்கள். தேநீர்க் கடையில் சொன்ன யோசனை பதிவேட்டில் ஏறாது. கூட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஒரு வார்த்தையாவது பேசிவிடுங்கள். ஒரு கேள்வி போதும், ஒரு கணக்கு போதும். முதலில் பேசிவிட்டால் பிறகு பேசுவது சுலபம். தாமதிக்கத் தாமதிக்கத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, கூட்டத்துக்கு முன்பே இரண்டு பேரிடம் பேசுவது. ஒரு யோசனையைத் திடீரென்று எல்லோர் முன்னாலும் வைத்தால், கேட்பவருக்கு அது புதிது. வேண்டாம் என்பதுதான் முதலில் வாயில் வரும். இரண்டு பேரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் காட்டும் குறையைத் திருத்திக்கொண்டு போனால், அங்கே நீங்கள் தனி ஆள் இல்லை. இது சூழ்ச்சி இல்லை, மஷூரா. குர்ஆனில் ஒரு சூராவின் பெயரே அஷ்ஷூரா.

மூன்றாவது, எழுதுவது. கூட்ட நடவடிக்கைக் குறிப்பை யார் எழுதுவது என்று கேட்டால் எல்லோரும் தலையைக் குனிவார்கள். நீங்கள் கையைத் தூக்குங்கள். என்ன பேசினோம் என்பது ஒரு மாதத்தில் மறந்துவிடும், என்ன எழுதினோம் என்பதுதான் நிற்கும். ஆனால் எழுதுவதோடு நின்றுவிடாதீர்கள். எழுதுபவர் பேசவும் வேண்டும். இல்லாவிட்டால் எழுத்தர் வேலை மட்டும் மிஞ்சும்.

நான்காவது, கணக்கு. பணம் எங்கிருந்து வருகிறது, எந்தத் தலைப்பில் செலவாகிறது என்று தெரியாதவரிடம் யாரும் பொறுப்பைக் கொடுக்க மாட்டார்கள். பள்ளியானால் மானியக் கணக்கு, வங்கியானால் கிளையின் இலக்கு, ஓட்டலானால் சீசனிலும் மழைக்காலத்திலும் எத்தனை அறை நிரம்புகிறது என்ற கணக்கு. இந்த ஊரில் குடும்பக் கடையின் முழுக்கணக்கையும் இரவில் உட்கார்ந்து எழுதும் பெண்கள் உண்டு. சாக்லேட் கிண்டுவதும் அவர்தான், சரக்குக்கு ஆர்டர் கொடுப்பதும் அவர்தான். கடை வாடகை ஒப்பந்தத்தில் அவர் பெயர் இல்லை, வங்கிக் கணக்கில் அவர் கையெழுத்து இல்லை. அத்தாமார்களே, அந்தக் கையெழுத்தைச் சேர்த்துவிடுங்கள். வியாபாரத்தில் முதல் போட்டு, நம்பிக்கையான ஆளைத் தேர்ந்தெடுத்துச் சிரியாவுக்குச் சரக்கு அனுப்பிய கதீஜா (ரலி) அவர்களின் உம்மத் நாம்.

ஐந்தாவது, பாராட்டை ஏற்றுக்கொள்வது. "நல்லா பண்ணியிருக்கீங்கம்மா" என்று மேலதிகாரி சொன்னால், "நான் ஒண்ணும் பண்ணலை சார், எல்லாரும் சேர்ந்துதான்" என்கிறோம். அடக்கம் நல்ல குணம். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்வது பெருமையடிப்பது ஆகாது. "ஆமாம் சார், இரண்டு வாரம் உட்கார்ந்து சரி செய்தேன். இன்னாரும் உதவி செய்தார்" என்று சொல்லுங்கள். உண்மையும் ஆயிற்று, உடன் உழைத்தவருக்கு உரிய பெயரும் ஆயிற்று.

ஆறாவது, இன்னொருத்தியை ஏற்றிவிடுவது. நீங்கள் மேலே போனதும் உங்களுக்குக் கீழே வரும் புதிய பெண்ணுக்கு வேலை கற்றுக்கொடுக்கிறீர்களா, இல்லை நான் பட்ட கஷ்டத்தை அவளும் படட்டும் என்று விடுகிறீர்களா? பொறுப்பு என்பது அமானத். நம் பொறுப்பில் விடப்பட்டவர்களைப் பற்றி நாளை மறுமையில் நம்மிடம் விசாரணை உண்டு. ஒரு பெண் அதிகாரி நல்லவரா என்று தெரிய வேண்டுமானால், அறையைக் கூட்டும் அம்மாவிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்று பார்த்தால் போதும்.

சட்டம் போட்டிருக்கும் நாற்காலிகள்

சகோதரிகளே, சில நாற்காலிகளை நாம் கேட்டு வாங்க வேண்டியதே இல்லை. சட்டமே போட்டு வைத்திருக்கிறது, உட்கார ஆள் இல்லை.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகக் குழு அமைக்க வேண்டும். அதன் தலைவர் அங்கே மூத்த நிலையில் பணிபுரியும் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள் இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம். நம் ஊரில் பத்துப் பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஓட்டல்கள் எத்தனை இருக்கின்றன? உங்கள் பணியிடத்தில் குழு இருக்கிறதா, பெயர்ப் பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மரியாதையாக, எழுத்தில் கேளுங்கள். உங்களை உறுப்பினராகக் கூப்பிட்டால் ஒதுங்காதீர்கள். பதினெட்டு வயதில் முதல் வேலைக்கு வரும் நம் வீட்டுப் பெண்ணுக்கு அந்தக் குழுவில் ஒரு தெரிந்த முகம் இருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு!

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று தமிழ்நாடு 2016இல் சட்டம் செய்தது. வக்பு வாரியத்தில் குறைந்தது இரண்டு பெண்கள் வேண்டும் என்று 2013இல் திருத்தம் வந்தது. இந்த இடங்களில் கணவர் கையெழுத்துப் போட, மனைவி வீட்டில் இருந்தால் அது தலைமை ஆகாது. கூட்டத்துக்கு நீங்களே போங்கள். முதல் இரண்டு கூட்டம் ஒன்றும் புரியாது. மூன்றாவது கூட்டத்தில் மற்றவர்களுக்கும் பாதிதான் புரிகிறது என்று தெரிந்துவிடும்.

அறக்கட்டளை நிர்வாகிகளுக்கும் ஒரு கோரிக்கை. கல்வி உதவிக்கு மாணவிகளைத் தேர்வு செய்யும் குழுவில், பைத்துல்மால் விண்ணப்பங்களை விசாரிக்கும் குழுவில், இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியைகளையும் வங்கி ஊழியர்களையும் சேருங்கள். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பெண்களுக்குத்தான் முதலில் தெரிகிறது. கணவனை இழந்து இத்தாவில் இருக்கும் ஒரு பெண்ணின் தேவையை ஓர் ஆண் வாசலில் நின்று விசாரிப்பதைவிட, ஒரு பெண் உள்ளே போய் உட்கார்ந்து கேட்பது நல்லது. பெண்களுக்குச் சேவை செய்யும் இடத்திலாவது பெண்கள் முடிவெடுக்கட்டும். கூட்டம் போட்டுப் பேசச் சொல்வது நல்ல தொடக்கம், குழுவில் பெயர் சேர்ப்பது அடுத்த படி.

வீட்டிலிருந்து தொடங்கட்டும்

கடைசியாகக் குடும்பத்தாருக்கு. பதவி உயர்வு ஆணை ஒரு நாள் காலையில் வரும். மூன்று நாளில் பதில் சொல்லச் சொல்வார்கள். அந்த மூன்று நாளில் யோசித்தால் "வேண்டாம்" என்ற பதில்தான் வரும். பிள்ளையை யார் பார்ப்பது, மாமிக்கு மருந்து யார் கொடுப்பது, வத்தலக்குண்டுக்கோ பழனிக்கோ மாற்றினால் அங்கே தங்குவதா, வார இறுதியில் மட்டும் வருவதா? இவையெல்லாம் உண்மையான சிரமங்கள். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மரம் விழுந்தால் பஸ் நின்றுவிடும் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் ஆணை வருவதற்கு ஒரு வருடம் முன்பே உட்கார்ந்து பேசுங்கள் என்கிறேன். அடுத்த வருடம் பட்டியலில் பெயர் வரலாம், வந்தால் முதல் ஆறு மாதத்தை எப்படி ஓட்டுவது என்று கணவனும் மனைவியும் பெரியவர்களும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டால், மூன்று நாளில் எடுக்கும் முடிவு வேறாக இருக்கும். எல்லாம் பேசிய பிறகும் வேண்டாம் என்று ஒரு பெண் தானே முடிவு செய்தால், அது அவருடைய உரிமை, மதிப்போம். பேசாமலே விடுவதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இந்த ஸுன்னத்தைப் பேணும் ஆண் இருக்கும் வீட்டில் உரிமை விடல் கடிதம் குறையும்.

பெண் கொடுப்பவர்களும் பெண் எடுப்பவர்களும் நிகாஹ் பேச்சில் "பொண்ணு வேலைக்குப் போகலாமா?" என்று கேட்டு முடித்துக்கொள்கிறோம். இன்னும் ஒரு கேள்வியைச் சேருங்கள். "பதவி உயர்வு வந்து வேறு ஊருக்கு மாற்றினால் என்ன செய்வோம்?" சீர்வரிசையைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நாம், பிள்ளையின் முப்பது வருட உழைப்பைப் பற்றி ஐந்து நிமிடம் பேசலாம்.

மகளே, உன் படிப்புக்காக உன் அத்தா பட்ட கடன் உனக்குத் தெரியும். உன்னிடம் சம்பளத்தை மட்டும் அந்தக் குடும்பமும் இந்தச் சமுதாயமும் எதிர்பார்க்கவில்லை. முடிவெடுக்கும் இடத்தில் நீதியோடு உட்காரும் ஒருத்தியை எதிர்பார்க்கிறது. அடுத்த முறை பட்டியலில் உன் பெயர் வரும்போது, பேனாவை எடுப்பதற்கு முன் இஸ்திகாரா தொழுகை தொழு, வீட்டில் பேசு, பிறகு பதில் எழுது.

யா அல்லாஹ், எங்கள் பெண்மக்களுக்குப் பயனுள்ள கல்வியையும், அதைப் பயன்படுத்தும் துணிவையும், பொறுப்பு வந்தால் அதை அமானத்தாகப் பேணும் தக்வாவையும் தருவாயாக. அவர்களுக்குத் துணை நிற்கும் குடும்பங்களில் பரக்கத் செய்வாயாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.